நாமினல் சைஸ்: கடையில் ஒரு எண், வெர்னியரில் வேறு எண்

மதுரையை அடுத்த திருமங்கலம் பக்கம் ஒரு கட்டட வேலையில் புதிதாக சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டிருப்பது இது. டிராயிங்கில் ‘நாமினல் டயா 25 எம்எம், ஜி.ஐ. பைப்’ என்று இருந்திருக்கிறது (ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு). அதைப் பார்த்து ஸ்லாப்பில் 28 எம்எம் பிட் போட்டுத் துளை எடுத்துவிட்டார்கள். பைப் வந்தது, துளையில் இறங்கவில்லை. விட்டம் அளக்கிற வெர்னியர் கருவியை வைத்தால் வெளிவிட்டம் 33.7 எம்எம் காட்டுகிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா, டிராயிங் தப்பா, இல்லை ‘நாமினல்’ என்பதற்கு வேறு ஏதாவது அர்த்தமா? கூடவே இன்னொரு சந்தேகம்: ராக்கெட் விடும்போது ‘எல்லாம் நாமினல்’ என்கிறார்கள், நோட்டீஸில் ‘நாமினல் ஃபீஸ்’ என்று போடுகிறார்கள், எல்லாம் ஒரே சொல்தானா?

ஒரே சொல்தான். கடைக்காரர் சரியான பைப்பைத்தான் கொடுத்திருக்கிறார். டிராயிங்கிலும் தப்பில்லை. துளைதான் தப்பு.

பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ‘நாமினல் ரோல்’ தயார் செய்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? பேர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரிதானா என்று பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். லத்தீனில் பெயருக்கு ‘நோமென்’. அதிலிருந்து கிளைத்த சொல் இது. ஓர் அளவுக்கு முன்னால் ‘நாமினல்’ வந்தால், இந்தப் பொருளை இந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று பொருள். அளந்தால் இதே எண் வரும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அளந்தால் என்ன வரவேண்டும் என்பது அந்தப் பொருளுக்கான ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) புத்தகத்தில் அட்டவணையாக இருக்கும். அர்த்தம் இவ்வளவுதான். அந்த எண்ணை எங்கே வைத்து வேலை செய்யலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதில்தான் சைட்டில் காசும் நேரமும் போகிறது. அதனால் பைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெளி வீதிப் பக்கம் ஏதாவது ஒரு பைப் கடையில் காலை நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

“அண்ணே, ஒரு இஞ்சு எல்போ நாலு குடுங்க.”

“எதுக்குப்பா? ஜி.ஐ.யா, பி.வி.சி.யா, சுடுதண்ணி லைனா?”

“ஒரு இஞ்சுண்ணே.”

“ஒரு இஞ்சுலயே மூணு இருக்குய்யா. என்ன பைப்புன்னு சொல்லு, எடுத்துத் தர்றேன்.”

கடைக்காரர் சொல்வது விளையாட்டில்லை. மூன்றையும் மேஜைமேல் வைத்து வெர்னியர் போட்டால் தெரியும். ஜி.ஐ. ஒரு இன்ச் பைப்புக்கு வெளிவிட்டம் சுமார் 33.7 எம்எம். தோட்டத்துக்குப் போடுகிற சாதாரண பி.வி.சி. ஒரு இன்ச் என்றால் வெளிவிட்டம் 32 எம்எம். சுடுதண்ணீருக்குப் போடுகிற சி.பி.வி.சி. ஒரு இன்ச் 28.6 எம்எம்தான். ஒரு இன்ச் என்பது கணக்குப்படி 25.4 எம்எம். மூன்றில் எதன் வெளிவிட்டமும் 25.4 இல்லை. ஆனாலும் மூன்றுக்கும் பெயர் ஒரு இன்ச். ஒன்றின் எல்போ இன்னொன்றில் ஏறாது. ஜி.ஐ. லைனிலிருந்து பி.வி.சி.க்கு மாற எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. என்று ஒரு பக்கம் மரை, ஒரு பக்கம் பசை ஒட்டும் வாய் உள்ள இணைப்பைப் போடுவது இதனால்தான்.

ஏன் இப்படி ஆனது? ஜி.ஐ. பைப்புக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புக் குழாய் வந்தபோது சுவர் தடிமனாக இருந்தது. ஒரு இன்ச் பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய ஒரு இன்ச். பெயரும் அளவும் ஒன்றாகத்தான் இருந்தன. பிறகு இரும்பின் தரம் கூடியது, தண்ணீர் அழுத்தத்தைத் தாங்க அவ்வளவு கனம் தேவைப்படவில்லை, சுவரை மெலிதாக்கினார்கள். அப்போது ஒரு கேள்வி வந்தது: சுவரை உள்பக்கம் குறைப்பதா, வெளிப்பக்கம் குறைப்பதா? மரை இருப்பது வெளிப்பக்கம். வெளிவிட்டத்தை மாற்றினால் ஊரில் ஏற்கெனவே இருக்கிற சாக்கெட், எல்போ, டீ, வால்வு எதுவும் பொருந்தாது. ஆகவே வெளிவிட்டத்தைத் தொடாமல் உள்விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர் பழைய பெயராகவே நின்றுவிட்டது. நம்மூரில் சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதியைத்தானே சுற்றுகிறது. அதற்காக யாரும் வீதியின் பெயரை மாற்றச் சொல்வதில்லையே, அதே மாதிரி.

இன்றைக்கும் நம் ஜி.ஐ. பைப்பைக் கட்டிப்போட்டிருப்பது அந்த மரைதான். ஒரு இன்ச் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் தரநிலைக் குழாய்) மரையின் பெரிய விட்டம் 33.249 எம்எம், இன்ச்சுக்கு 11 மரை. அந்த மரையை வெட்டுவதற்குப் பைப்பின் வெளிவிட்டம் அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தாக வேண்டும். நீங்கள் அளந்த 33.7 அங்கிருந்து வருகிறது. லைட், மீடியம், ஹெவி எதை வாங்கினாலும் வெளிவிட்டம் கிட்டத்தட்ட அதேதான். மாறுவது சுவர். ஐ.எஸ். 1239 அட்டவணைப்படி 25 நாமினல் போர் (போர் என்றால் உள்விட்டம்) பைப்புக்குச் சுவர் லைட் 2.6 எம்எம், மீடியம் 3.2, ஹெவி 4.0. பைப்பில் வரும் பெயின்ட் பட்டை அதைச் சொல்லும்: மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி.

இப்போது கழித்துப் பாருங்கள். 33.7-இல் இரண்டு பக்கச் சுவரையும் கழித்தால் மீடியத்தின் உள்விட்டம் 27.3, ஹெவியின் உள்விட்டம் 25.7. அதாவது 25 என்ற பெயருக்குக் கிட்ட வருவது ஹெவி மட்டும்தான். தண்ணீர் போகிற குறுக்குப் பரப்பில் மீடியம், ஹெவியைவிட 13 சதவீதம் போலக் கூடுதல். பேருக்கு இரண்டும் ‘25’. மாடித் தொட்டியிலிருந்து வருகிற வேகத்தைக் கணக்குப் போடுகிறவர் 25-ஐ எடுத்து ஃபார்முலாவில் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். குழாயின் நாமினல் அளவை டி.என். என்று குறிப்பார்கள். அந்தக் குறியீட்டுக்கான உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 6708 இதை எழுதியே வைத்திருக்கிறது: டி.என். 25 என்பதில் உள்ள 25 அளந்து பெறும் எண் அல்ல, குறிப்பிட்ட தரநிலை தனியாகச் சொன்னாலொழிய அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. டி.என். 25 என்று எழுதும்போது பின்னால் எம்எம் போடாததும் இதற்காகத்தான். உங்கள் டிராயிங்கில் ‘எம்எம்’ என்று சேர்த்துப் போட்டவர் கொஞ்சம் குழப்பிவிட்டார் என்றுதான் சொல்வேன். தப்பென்று சொல்ல முடியாது, ஏனென்றால் நாட்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பி.வி.சி. கதை வேறு. அது பிற்பாடு வந்தது, மில்லிமீட்டரில் பிறந்தது. ஐ.எஸ். 4985 பைப்பில் பெயரே வெளிவிட்டம்தான்: 20, 25, 32, 40, 50, 63, 75, 90, 110. ஆகவே அங்கே நாமினலும் அளவும் ஒத்துப்போகும். குழப்பம் கடைப் பேச்சில்தான். சோழவந்தான் தென்னந்தோப்புக்காரர் “ரெண்டு இஞ்சு” என்று கேட்டால் கடைக்காரர் 63-ஐ எடுப்பார். “ரெண்டரை” 75, “மூணு இஞ்சு” 90, “நாலு இஞ்சு” 110. இவை ஜி.ஐ. காலத்துப் பெயர்கள், பி.வி.சி.மேல் ஒட்டிக்கொண்டுவிட்டன. பி.வி.சி.யில் வெளிவிட்டம் நிலையாக இருப்பதால் பிரஷர் ரேட்டிங் கூடக் கூட உள்விட்டம் குறையும். 4 கிலோ அழுத்தம் தாங்கும் பைப்பையும் 10 கிலோ தாங்கும் பைப்பையும் பக்கத்தில் வைத்து வாயைப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சொட்டுநீர்ப் பாசனத்தில் போடுகிற 16 எம்எம் லேட்டரல் என்ற கிளைக் குழாயும் வெளிவிட்டம்தான். சி.பி.வி.சி.யோ, செம்புக் குழாயின் கணக்கைப் பின்பற்றுகிறது: பெயரோடு எட்டில் ஒரு இன்ச்சைக் கூட்டினால் வெளிவிட்டம். ஒரு இன்ச்சோடு 1/8 கூட்டினால் 28.6 எம்எம், அரை இன்ச்சோடு கூட்டினால் 15.9.

பெரிய இரும்புக் குழாயில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்க அட்டவணையில் 12 இன்ச் வரை வெளிவிட்டம் பெயரைவிடப் பெரிது. 12 இன்ச் பைப்புக்கு 323.9 எம்எம், அதாவது 12¾ இன்ச். 14 இன்ச் ஆனதும் திடீரென்று பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகிவிடும், 355.6 எம்எம். ஒரே அட்டவணைக்குள்ளேயே ‘நாமினல்’ இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. ஆகவே பொது விதி ஒன்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எந்தப் பொருள், எந்தத் தரநிலை என்று கேட்காமல் நாமினலை மொழிபெயர்க்க முடியாது.

பைப்பை விட்டுவிட்டுக் கம்பிக்கு வருவோம், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கு இதுவும் வரும். லாரியில் ‘12 எம்எம்’ கம்பி இறங்கும். மேஸ்திரி வெர்னியரை வாங்கி முறுக்குக் கம்பியின் வரிகள்மேல் வைத்து “சரியா இருக்கு சார்” என்பார். வரியின் மேல் வைத்தால் 12-க்குக் கூடவே காட்டும், வரிக்கு இடையில் வைத்தால் 12-க்குக் குறைவாகக் காட்டும். எது 12? இரண்டும் இல்லை. ஐ.எஸ். 1786 சொல்கிற நாமினல் விட்டம் கம்பியில் எங்கேயும் வெர்னியர் வைத்து அளக்கிற விட்டமே கிடையாது. இந்தக் கம்பி ஒரு மீட்டருக்கு என்ன எடை இருக்கிறதோ, அதே எடை உள்ள வழுவழுப்பான உருண்டைக் கம்பிக்கு என்ன விட்டம் இருக்குமோ, அதுதான் இதன் நாமினல் விட்டம். ஆகவே கம்பியின் விட்டத்தைத் தராசில்தான் பார்க்க வேண்டும்.

விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்குக் கிலோ கணக்கு வரும் என்று எல்லா சைட்டிலும் சொல்வார்கள். அந்த 162 எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. வட்டத்தின் பரப்பு சூத்திரத்தில் அதைப் போட்டு எம்எம்மை மீட்டராக்கினால் 1/162 வந்து நிற்கும். 8 எம்எம் கம்பி மீட்டருக்கு 395 கிராம், 10 எம்எம் 617, 12 எம்எம் 888, 16 எம்எம் 1.58 கிலோ.

சோதிக்க ஒரு மீட்டர் துண்டு போதும். நேராக வெட்டி, மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் போடுங்கள். 12 எம்எம் துண்டு 888 கிராம் வரவேண்டும். தனி ஒரு துண்டுக்கு 6 சதவீதம் வரை குறைவு அனுமதி, அதாவது சுமார் 835 கிராம் வரை தரநிலைக்குள்தான். 800 காட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். 10 எம்எம் வரையுள்ள சின்னக் கம்பிகளுக்குத் தனித் துண்டில் 8 சதவீதம், 16-க்கு மேல் 4 சதவீதம். மொத்த லாட்டுக்கு (ஒரு தடவை வரும் சரக்குக்கு) வரம்பு இதைவிட இறுக்கம்: 12, 16 கம்பிகளுக்குக் கூடவோ குறையவோ 5 சதவீதம்.

இதில் பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறேன். 12 மீட்டர் நீளமுள்ள 12 எம்எம் கம்பி ஒன்று 10.66 கிலோ. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 94 கம்பி. லாட் முழுக்க 5 சதவீதம் இளைத்திருந்தால் அதே டன்னில் 98, 99 கம்பி வரும். டன் கணக்கில் வாங்குகிறவருக்கு அது லாபமாகத் தெரியும். ஆனால் டிசைன் போட்டவர் பீமில் நான்கு கம்பி என்று எண்ணிக்கையில்தான் சொல்லியிருப்பார். அந்த நான்கும் இளைத்த கம்பி. 5 சதவீதம் வரைக்கும் தரநிலையே அனுமதிப்பதால் பயமில்லை, அதற்குக் கீழே போனால்தான் வம்பு. கம்பி எண்ணிக்கைக்கு விலை பேசுகிற கடையில் வாங்கினாலோ நேர்மாறு, இளைத்த கம்பியில் நட்டம் உங்களுக்கு. அப்படி எண்ணி விற்கிற இடத்தில் ஒருமுறை என் கண் முன்னாலேயே “பேரு 12தான சார், வேற என்ன வேணும்” என்றார்கள். பேர் 12தான், அதற்குப் பின்னால் 888 கிராம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

செங்கலில் நாமினல் நமக்கு நேராகவே உதவி செய்கிறது. ஐ.எஸ். 1077-இல் மாடுலர் செங்கலின் உண்மையான அளவு 19 × 9 × 9 செ.மீ. நாமினல் அளவு 20 × 10 × 10. அந்த ஒரு சென்டிமீட்டர் சாந்துக்கு. ஒரு கன மீட்டர் கட்டுவேலைக்கு எத்தனை கல் என்று கேட்டால் நாமினலை வைத்து வகுத்தால் 500, கச்சிதம். உண்மை அளவை வைத்து வகுத்தால் 650 வரும். 150 கல்லை வீணாக இறக்கிவிட்டு நிற்பீர்கள். இங்கே கணக்குக்கு நாமினல்தான் சரி. பைப்பில் கணக்குக்கு நாமினல் ஆகாது என்றேன், செங்கலில் நாமினல்தான் கணக்கு என்கிறேன், முரணாகத் தோன்றும். செங்கலின் பெயர் அது சுவரில் பிடிக்கிற இடத்தைச் சொல்கிறது, பைப்பின் பெயர் பழைய வழக்கத்தைச் சொல்கிறது, அதுதான் வித்தியாசம். நம் பக்கத்தில் பேசுகிற ‘ஒம்பது இஞ்சுச் சுவர்’, ‘நாலரை இஞ்சுச் சுவர்’ என்பதும் நாமினல்தான். காளவாசலில் கல் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், சூளைக்குச் சூளை கால் இன்ச் வித்தியாசம் இருக்கும். பூச்சு சேர்ந்தால் சுவர் 10 இன்ச்சுக்கு வந்து நிற்கும். அலமாரிக்காரருக்கு அறையின் உள்ளளவு சொல்லும்போது டிராயிங்கைப் பார்த்துச் சொல்லாமல் பூசின பிறகு டேப் வைத்துச் சொல்லுங்கள்.

ஜல்லியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘20 எம்எம் ஜல்லி’ என்றால் எல்லாக் கல்லும் 20-க்குக் கீழே என்று அர்த்தமில்லை. ஒற்றை அளவு ஜல்லியில் 20 எம்எம் சல்லடையில் 85 சதவீதமாவது இறங்கினால் போதும், மிச்சம் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். 40 எம்எம் சல்லடையில் மட்டும் முழுக்க இறங்கிவிட வேண்டும். கான்கிரீட்டில் ‘நாமினல் மிக்ஸ்’ என்று கேள்விப்படுவீர்கள்: லேபில் சோதித்து டிசைன் போடாமல், புத்தகத்தில் பெயர் சொல்லி வைத்திருக்கும் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. ஐ.எஸ். 456 அதை எம்.20 என்ற கான்கிரீட் தரம் வரைக்கும்தான் விடுகிறது, எம்.20-க்கு 50 கிலோ மூட்டை சிமென்டுக்குத் தண்ணீர் 30 லிட்டர் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் எம்.25, எம்.30 வேண்டுமென்றால் டிசைன் மிக்ஸ்தான். கவர் பிளாக் வைக்கும்போது வருகிற ‘நாமினல் கவர்’, அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம், இன்னொரு வகை. சாதாரண சூழலில் ஸ்லாப்புக்கு 20 எம்எம், தூணுக்கு 40, அஸ்திவார ஃபுட்டிங்குக்கு 50. இதற்கு மேல் 10 எம்எம் வரை கூடலாம், குறையக் கூடாது. ஆக, நாமினலுக்கு இரண்டு பக்கமும் சமமாகச் சலுகை இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம்.

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் லேத் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் டிராயிங்கில் 25 என்ற எண்ணும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் எண்ணும் இருக்கும். 25 நாமினல், வேலை முடிந்து வருவது 24.98-ஆகவோ 25.01-ஆகவோ இருக்கும், வரம்புக்குள் இருந்தால் பாஸ். நாமினல் என்ற சொல் அங்கே மிகச் சுத்தமாகப் பயன்படுகிறது: இலக்கு எண். அளந்து வருவது ‘ஆக்சுவல்’. 12 எம்எம் போல்ட்டின் மரை மேல்விட்டம் அளந்தால் 12-க்கு மயிரிழை குறைவாகவே காட்டும். 12-க்குத் துளை போட்டால் சிரமம், 13 அல்லது 14 போடுவார்கள்.

கரண்டிலும் அப்படியே. வீட்டு இணைப்பு 230 வோல்ட் என்பது நாமினல். 10 சதவீதம் கூடவும் குறையவும் வைத்தால் 207 முதல் 253 வரை. முன்பு நம் நாட்டில் 240 என்று சொன்னதால் மூன்று ஃபேஸுக்கு 415 என்று வந்தது. 230-க்கு அது 400. இன்றைக்கும் கிணற்று மோட்டார் பிளேட்டில் 415 பார்க்கலாம். அந்த பிளேட்டில் இருக்கிற எண்ணை ‘ரேட்டட்’ என்பார்கள். ரேட்டட் வேறு, நாமினல் வேறு. லைனின் பெயர் நாமினல். இந்த வோல்டேஜில் ஓட்டினால் இவ்வளவு வேலை செய்வேன் என்று மோட்டார் கம்பெனி கொடுக்கிற வாக்கு ரேட்டட். மோட்டார் சூடாகிறது என்று வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினலில் மீட்டர் வைத்து ஆக்சுவலைப் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி ‘12 வோல்ட்’ என்பதும் பெயர்தான். ஆறு செல், செல்லுக்கு 2 வோல்ட் என்ற கணக்கு. முழுதாக ஏறி ஓய்வில் இருந்தால் 12.6-க்கு மேல் காட்டும், ஏறும்போது 14-ஐத் தாண்டும், சரியாக 12 காட்டினால் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது என்று அர்த்தம். பெயர் 12, மீட்டரும் 12, எல்லாம் சரி என்று நினைக்கிறவர் இரவில் இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

இனி ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டா கட்டுப்பாட்டு அறையிலிருந்து ‘பெர்ஃபாமன்ஸ் நாமினல்’ என்று குரல் வரும். இது லேத்காரரின் அர்த்தத்திலிருந்து நேராக வருகிறது. ஒவ்வொரு விநாடிக்கும் உயரம், வேகம், எஞ்சின் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போட்டு வைத்திருப்பார்கள்; அந்தக் கோடு நாமினல். உண்மையில் வருகிற எண் அந்தக் கோட்டோடு, அனுமதித்த வரம்புக்குள் போய்க்கொண்டிருந்தால் ‘நாமினல்’. விலகினால் ‘ஆஃப் நாமினல்’. ‘அருமை’ என்றோ ‘சுமார்’ என்றோ அவர்கள் சொல்லவில்லை. போட்ட கணக்குப்படி போகிறது என்கிறார்கள். தமிழில் சொன்னால் ‘திட்டப்படி’ என்பது பொருந்தும். அங்கே ‘பெயரளவில்’ என்று போட்டால் கேட்கிறவர் பயந்துவிடுவார்.

‘நாமினல் ஃபீஸ்’ பெயரை வேறு பக்கம் இழுத்த வழக்கு. கட்டணம் என்று ஒன்று வாங்குகிறோம் என்று பேருக்கு வாங்குவது; உண்மைச் செலவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பேருக்கு ஒரு தலைவர்’ என்று சொல்கிறோமே, அதே அர்த்தம், ஆங்கிலத்தில் அதற்கும் நாமினல்தான். நோட்டீஸில் இதைப் போடுகிற பலர் தொகையைச் சொல்ல விரும்பாமல் போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பையனை வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

வட்டியில் வரும் நாமினல் உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் வீட்டுக்கு உண்டு. நம்மூரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 24 சதவீதம், இது நாமினல். வட்டியைக் கட்டாமல் மாதாமாதம் அசலில் ஏற்றிக்கொண்டே போனால் வருடக் கடைசியில் நிற்பது 26.82 சதவீதம், இது ‘எஃபெக்டிவ்’. வங்கி 12 சதவீதம் என்று சொல்லி மாதக் கூட்டுவட்டி போட்டால் எஃபெக்டிவ் 12.68. இரண்டு கடனை ஒப்பிடும்போது ஒன்றின் நாமினலையும் இன்னொன்றின் எஃபெக்டிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் வழக்கமாக நடக்கிற குழப்பம். பொருளாதாரக்காரர்கள் ‘நாமினல்’ என்றால் விலைவாசி ஏற்றத்தைக் கழிக்காத எண், கழித்தது ‘ரியல்’.

சரி, உங்கள் துளைக்கு வருகிறேன். பைப் 33.7, ஆனால் ஸ்லாப்பில் பைப் மட்டும் போகாது, என்றைக்காவது கழற்ற வேண்டியிருக்கும், ஆடவும் இடம் வேண்டும். அதனால் பெரிய கோர் (மெஷினில் வெட்டும் வட்டத் துளை) எடுத்து 63 எம்எம் பி.வி.சி. துண்டை ஸ்லீவாக, அதாவது உறையாகச் செருகிவிட்டு அதற்குள் பைப்பை விடுங்கள். சாக்கெட் ஸ்லாப்புக்குள் வராதபடி நீளம் பார்த்துக்கொள்ளுங்கள். 28 துளையை ராவி ராவிப் பெரிதாக்க விடாதீர்கள். ஓரம் உடையும், கம்பி தெரியும். கோர் எடுப்பதற்கு முன் ஸ்லாப் கம்பி எந்த இடைவெளியில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, டிசைன் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஜி.ஐ. வேணாம், பி.வி.சி. போட்டா அதே கிளாம்ப்ல உக்காந்துரும்” என்று பிளம்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உட்காராது. ஜி.ஐ. ஒரு இன்ச் கிளாம்ப் 33.7-ஐப் பிடிப்பதற்குச் செய்தது, 32 பைப் அதில் லொடலொடவென்று ஆடும். கிளாம்பும் பைப்பின் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள், ஆகவே என்ன பைப் என்று சொல்லி வாங்கச் சொல்லுங்கள். டிராயிங்கில் இந்த இடத்தில் ‘25 நாமினல் போர், மீடியம், ஐ.எஸ். 1239, வெளிவிட்டம் 33.7’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டால் மேல் மாடிக்குப் போகும்போது துளை போடுகிறவர் உங்களைத் தேட மாட்டார்.